பழைய ஜீப்பை விற்கப் போகிறீர்களா? காசு கைக்கு வந்தால் மட்டும் போதாது

களக்காட்டிலிருந்து தலையணைக்குப் போகும் வழியிலோ, திருக்குறுங்குடிப் பக்கம் வாழைத்தோட்டங்களுக்குள்ளோ கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். படுதா போட்ட பழைய ஜீப் ஒன்றாவது கண்ணில் படும். மலையடிவாரத்து மண்பாதையில் உரமூட்டையும் வாழைத்தாரும் ஏற்றி இறக்க, வேண்டுமென்றால் படுதாவைச் சுருட்டி மேலே கட்டிவிட்டுக் காற்று வாங்கிக்கொண்டே போக, அதுபோல வண்டி வேறு இல்லை. வெளிநாட்டுக்காரன் கூரை திறக்கிற காருக்குப் பெரிய பேரெல்லாம் வைத்திருக்கிறான். நம்ம ஊரில் அது ஓப்பன் ஜீப்தான்.

இப்போது அந்த ஜீப்புகளுக்கு மவுசு கூடியிருக்கிறது. கேரளாவிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஆட்கள் தேடி வருகிறார்கள். "அண்ணாச்சி, வண்டி டர்போவா? ரன்னிங் கண்டிஷனா?" என்று போனில் கேட்கிறார்கள். ஒரு நாள் நேரில் வந்து ஓட்டிப் பார்க்கிறார்கள், விலை பேசுகிறார்கள், பணத்தைக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். விற்றவரும் வெற்றுப் படிவத்தில் நாலு கையெழுத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார்.

ரெண்டு வருசம் கழித்து, பார்த்தே இராத ஒரு ஊரிலிருந்து நீதிமன்ற அறிவிப்பு வரும்போதுதான் தெரிகிறது, அந்த வண்டி சட்டப்படி இன்னும் நம்முடையது என்று.

மிகைப்படுத்திச் சொல்லவில்லை. 2018 பிப்ரவரி 6 அன்று உச்ச நீதிமன்றம் நவீன் குமார் எதிர் விஜய் குமார் என்ற வழக்கில் அளித்த தீர்ப்பு இதைப் பற்றியதுதான். பதிவுச் சான்றில் பெயர் இருந்தவர் 2007-லேயே தன் காரை விற்றுவிட்டார். வாங்கியவர் இன்னொருவருக்கு விற்றார், அவர் மற்றொருவருக்கு விற்றார். இப்படிக் கை மாறிக்கொண்டே போனது, ஆனால் ஆர்.சி.யில் மட்டும் யாரும் பெயரை மாற்றவில்லை. 2009-இல் அந்தக் கார் விபத்தில் சிக்கி ஓர் உயிர் போனது. இழப்பீடு யார் கொடுப்பது? மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் பிரிவு 2(30)-இன்படி யார் பெயரில் வண்டி பதிவாகியிருக்கிறதோ அவரே உரிமையாளர் என்றது நீதிமன்றம். விபத்தில் பாதிக்கப்பட்ட குடும்பம், வண்டி எத்தனை கை மாறியது, கடைசியில் யாரிடம் இருக்கிறது என்று ஊர் ஊராகத் தேடி அலைய முடியாது என்பது நீதிமன்றம் சொன்ன காரணம். நியாயம்தானே? பாதிக்கப்பட்டவர் பக்கம் நின்று பார்த்தால் நமக்கே புரியும்.

களக்காடு போன்ற ஊரில் இன்னொரு கோணமும் உண்டு. நம்மைச் சுற்றி இருப்பது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். அந்தப் பக்கம் ஆற்று மணலும் உண்டு, காட்டு மரமும் உண்டு. நீங்கள் விற்ற ஜீப் ஏதாவது ஒரு வனக் குற்றத்திலோ மணல் திருட்டிலோ பிடிபட்டால், எண்ணைத் தட்டிப் பார்த்ததும் திரையில் வருவது உங்கள் பெயரும் முகவரியும்தான். "வித்துட்டேன் சார்" என்று வாயால் சொன்னால் போதாது, தாள் வேண்டும்.

ஆர்.சி.யும் வண்டியும் ஒன்றுக்கொன்று பொருந்துகிறதா?

விளம்பரம் கொடுக்கும் முன் ஆர்.சி.யை எடுத்து வண்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சேசிஸ் எண், எஞ்சின் எண், எரிபொருள், நிறம், பாடி வகை, இருக்கை எண்ணிக்கை ஆகிய எல்லாம் ஆர்.சி.யில் எழுதியிருக்கும். பழைய ஜீப்பில் தகராறு வருவதே இங்கேதான்.

ஏனென்றால், அந்தக் காலத்து ஜீப்புகள் பெரும்பாலும் டர்போ இல்லாத டீசல் எஞ்சினோடு வந்தவை. ஏற்றத்தில் திணறுகிறது என்று பின்னாளில் பலர் பொலிரோ வகை டர்போ எஞ்சினை வாங்கி ஏற்றினார்கள். டர்போ என்பது வேறொன்றுமில்லை. எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு சின்னச் சக்கரம் சுழலும், அதே தண்டில் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும். காற்று கூடினால் கூடுதல் டீசலை எரிக்கலாம், இழுவை கூடும். வீணாகப் போகும் புகையிலிருந்தே சக்தி எடுக்கிற கெட்டிக்கார ஏற்பாடு அது.

எஞ்சின் நல்லதுதான். ஆனால் ஆர்.சி.யில் இருப்பது பழைய எஞ்சினின் எண். பிரிவு 52-இன்படி பதிவுச் சான்றில் உள்ள விவரம் மாறும்படி வண்டியில் மாற்றம் செய்யக்கூடாது. எஞ்சின் மாற்றுவதென்றால் பதிவு அதிகாரியின் ஒப்புதல் வேண்டும், மாற்றியது ஆர்.சி.யில் ஏற வேண்டும். கேரளத்தில் எழுந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றமும், தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றிப் பதிவு செய்ய முடியாது என்று உறுதி செய்தது. 2019-இல் திருத்தப்பட்ட சட்டத்தில் பிரிவு 182ஏ(4) இருக்கிறது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது அது. தகரக் கூரையை அறுத்துவிட்டுப் படுதா போட்டவர்களும், படுதாவை எடுத்துவிட்டுத் தகரக் கூரை வைத்தவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

அப்படியானால் என்ன செய்வது? எஞ்சின் வாங்கிய பில், அந்த எஞ்சின் எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதற்கான சான்று ஆகியவை கையில் இருந்தால் முதலில் மோட்டார் வாகன ஆய்வாளரைப் பார்த்து ஒழுங்குபடுத்த முடியுமா என்று கேளுங்கள். அதை முடித்துவிட்டு விலை பேசுங்கள். முடியாதென்றால் வாங்குபவரிடம் மறைக்காதீர்கள். பெயர் மாற்றத்துக்கு வண்டியைக் கொண்டுபோகும்போது சேசிஸ் எண்ணைப் பென்சில் பிரிண்ட் எடுப்பார்கள், எஞ்சின் எண்ணையும் பார்ப்பார்கள். அங்கே பொருந்தாவிட்டால் வேலை நின்றுவிடும். காசைத் திருப்பிக் கேட்டு அவர் உங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பார்.

விண்டேஜ் என்று எழுதலாமா?

பலர் இருபத்தைந்து, முப்பது வருச வண்டிக்கே 'விண்டேஜ்' என்று விளம்பரம் போடுகிறார்கள். அது பேச்சு வழக்கு. சட்டத்தில் அந்தச் சொல்லுக்குத் தனி அர்த்தம் உண்டு. 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி, முதல் பதிவு நாளிலிருந்து 50 வருசம் தாண்டிய, சேசிஸிலும் பாடியிலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் இல்லாமல் அசல் நிலையில் இருக்கும் இரு சக்கர, நான்கு சக்கர வண்டிதான் விண்டேஜ். பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருசம் செல்லும், புதுப்பிக்க 5,000 ரூபாய். எண் பலகையில் மாநிலக் குறியீட்டுக்கு அடுத்து 'விஏ' என்று வரும். ஆனால் கண்காட்சி, பேரணி, ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு தவிர வேறு எதற்கும் அதைச் சாலையில் எடுக்கக்கூடாது, வணிகத்துக்கும் பயன்படுத்தக்கூடாது. வாழைத்தார் ஏற்றும் ஜீப்புக்கு இது சரிப்படாது! விண்டேஜாகப் பதிவான வண்டியை விற்கலாம், ஆனால் விற்பவரும் வாங்குபவரும் 90 நாளுக்குள் தத்தம் மாநிலப் போக்குவரத்து அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும்.

டர்போ எஞ்சின் ஏற்றிய ஜீப் எத்தனை வயதானாலும் இந்தக் கணக்கில் வராது. அதைச் சாதாரணப் பழைய வண்டியாகவே விற்க வேண்டும்.

ஆர்.சி.க்கு உயிர் இருக்கிறதா?

சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 வருசம் செல்லும். பிறகு ஐந்தைந்து வருசமாகப் புதுப்பிக்க வேண்டும். படிவம் 25-இல் விண்ணப்பித்து, வண்டியைக் காட்டி, பசுமை வரி கட்டி முடிக்கிற வேலை இது. 2022 ஏப்ரல் முதல் கார், ஜீப் வகைக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாய் ஆனது. 2025 ஆகஸ்டில் 20 வருசம் தாண்டிய வண்டிகளுக்கு அது 10,000 ரூபாயாக உயர்ந்தது. காலம் கடந்தால் தாமதத்துக்கென்று மாதம் 500 ரூபாய் சேரும். தோட்டத்து ஓரத்தில் மூன்று நாலு வருசம் படுத்துக் கிடந்த ஜீப்புக்கு இது எவ்வளவு ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். விலை பேசும்போது இந்தச் செலவு யார் தலையில் என்பதை முதலிலேயே முடிவு செய்துவிட்டால் பின்னால் மனக்கசப்பு வராது.

1989-க்கு முந்தைய மூன்றெழுத்து எண் கொண்ட வண்டிகளுக்கு இன்னொரு சிக்கல். கையால் எழுதிய ஆர்.சி. புத்தகம் வீட்டில் பத்திரமாக இருக்கும், ஆனால் வாகன் கணினிப் பதிவில் அந்த எண்ணைத் தட்டினால் ஒன்றும் வராது. அப்படியானால் அசல் புத்தகத்தோடு பதிவு செய்த அலுவலகத்துக்குப் போய் 'பேக்லாக்' பதிவு போடச் சொல்லிக் கேட்க வேண்டும். கணினியில் ஏறாமல் ஆன்லைன் விண்ணப்பம் எதுவும் நகராது. எனவே வாங்க ஆள் வருவதற்கு முன்பே பரிவாகன் தளத்தில் உங்கள் எண்ணை ஒருமுறை தட்டிப் பாருங்கள். பாக்கி இருக்கும் இ-சலான்களும் அங்கேயே தெரிந்துவிடும்.

கடன் விவரத்தையும் அப்படியே பார்த்துவிடலாம். இருபது வருசத்துக்கு முன் அடைத்த கடன்தான், ஆனாலும் 'ஹைப்போதிக்கேஷன்' என்ற வரி ஆர்.சி.யில் இன்னும் உட்கார்ந்திருக்கும். வங்கியிலோ சங்கத்திலோ கடன் தீர்ந்த கடிதம் வாங்கி, படிவம் 35-ஐக் கொடுத்து அந்த வரியை நீக்காமல் பெயர் மாற்ற முடியாது.

ஆர்.சி. தொலைந்திருந்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, படிவம் 26-இல் நகல் ஆர்.சி.க்கு விண்ணப்பிக்க வேண்டும்.

அப்பா பெயரில் இருக்கும் வண்டி

நம் பக்கம் இது நிறைய. அப்பா காலமாகி வருசக்கணக்காகியும் ஜீப் அவர் பெயரிலேயே ஓடிக்கொண்டிருக்கும். இறந்தவர் பெயரிலிருந்து நேராக வாங்குபவர் பெயருக்கு மாற்ற முடியாது, முதலில் வாரிசு பெயருக்கு வர வேண்டும். உரிமையாளர் இறந்த 30 நாளுக்குள் பதிவு அதிகாரிக்குத் தகவல் தெரிவித்தால் வாரிசு மூன்று மாதம் வரை வண்டியைப் பயன்படுத்தலாம் என்கிறது விதி 56. அந்த மூன்று மாதத்துக்குள் படிவம் 31-இல் விண்ணப்பிக்க வேண்டும். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் மூன்றும் தேவைப்படும். வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் அது வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போகும். களக்காட்டுக்காரர்களுக்கு அது நாங்குநேரி வட்டம்.

அக்கா தங்கச்சி எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். "ஒரு ஜீப்புக்குப் போய் அவங்களை எதுக்கு இழுக்கணும்" என்று நினைக்காதீர்கள். அந்த ஜீப்புக்கு நல்ல விலை வந்தது என்று ஊர் பேச ஆரம்பித்த பிறகு கையெழுத்து வாங்குவதைவிட, முன்னாலேயே வாங்குவது எளிது.

ஓட்டிக் காட்டுவது

நன்றாக ஓடுகிற வண்டி என்று சொல்லித்தான் விற்கிறீர்கள். வாங்குபவர் வரும் நேரத்துக்கு எஞ்சினைச் சூடாக்கி வைக்காதீர்கள். குளிர்ந்த எஞ்சினை அவர் முன்னாலேயே ஸ்டார்ட் செய்யுங்கள், நம்பிக்கை அங்கேயே பிறந்துவிடும். நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது, டர்போவின் சீல் போயிருக்கலாம். விவரம் தெரிந்தவர் காற்றுக் குழாயைக் கழற்றி, டர்போ தண்டை விரலால் அசைத்துப் பார்ப்பார். அனுமதியுங்கள். ஓட்டிவிட்டு வந்ததும் ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு நிறுத்தச் சொல்லுங்கள். நிமிடத்துக்கு லட்சம் சுற்றையும் தாண்டிச் சுழலும் பாகம் அது, சூட்டோடு எண்ணெய் ஓட்டம் சட்டென்று நின்றால் அதன் ஆயுள் குறையும். இதை நீங்களே சொல்லிக் கொடுத்தால் வண்டியை எப்படி வைத்திருந்தீர்கள் என்பது அவருக்குப் புரிந்துவிடும்.

ஓட்டிப் பார்ப்பவரிடம் ஓட்டுநர் உரிமம் இருக்கிறதா என்று பார்க்கத் தயங்க வேண்டாம். காப்பீடும் புகைச் சான்றும் அன்றைக்கு நடப்பில் இருக்க வேண்டும். காப்பீடு இல்லாத வண்டியை ஒரே ஒரு கிலோமீட்டர் ஓட்டிக் காட்டும்போதும் விபத்து நடக்கலாம்.

கைமாறும் நாள்

படிவம் 29 விற்பவர் கொடுக்கும் தகவல், இரண்டு பிரதி. படிவம் 30 இருவரும் சேர்ந்து கையெழுத்திடும் பெயர் மாற்ற விண்ணப்பம். மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் விற்பவர் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்குபவருக்கு 30 நாள் அவகாசம். இது பிரிவு 50. ஜீப், கார் வகைக்கு மத்திய விதிப்படி பெயர் மாற்றக் கட்டணம் பதிவுக் கட்டணத்தில் பாதி, அதாவது 300 ரூபாய், சேவைக் கட்டணம் தனி. இந்த முந்நூறு ரூபாயை மிச்சம் பிடித்துத்தான் பலர் லட்சக்கணக்கான இழப்பீட்டு வழக்கை விலைக்கு வாங்குகிறார்கள்.

வெற்றுப் படிவத்தில் கையெழுத்து மட்டும் போடவே போடாதீர்கள். "நாங்க பாத்துக்கிடுதோம் அண்ணாச்சி" என்று இடைத்தரகர் சொல்வார். வாங்குபவர் பெயர், முகவரி, தேதி எல்லாம் நிரப்பிய பிறகே கையெழுத்து. கூடவே ஒரு டெலிவரி கடிதம் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். அதில் தேதியோடு நேரத்தையும் எழுதுங்கள். காலை 11 மணிக்கு வண்டி கைமாறி, மாலை 4 மணிக்கு எங்கேயாவது மோதியிருந்தால் அந்த நேரம் முக்கியமாகிவிடும். வாங்குபவரின் அடையாளச் சான்று, உரிமம் நகல்களை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பணத்தை வங்கி வழியாக வாங்குங்கள். 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ஒரே பரிவர்த்தனையில் ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டத்துக்கு மாறானது, வாங்கிய அளவுக்கே அபராதம் வரலாம். பழைய காருக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. என்று யாராவது பயமுறுத்தினால் கண்டுகொள்ளாதீர்கள். அது ஜி.எஸ்.டி. பதிவு பெற்ற வியாபாரிகளின் லாபத்துக்கு, சொந்த வண்டியை விற்கும் தனிநபருக்கு இல்லை.

பழைய வண்டி வாங்கி விற்கும் கடையில் கொடுப்பதானால், அவரிடம் போக்குவரத்துத் துறையின் அங்கீகாரச் சான்று உண்டா என்று கேளுங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் இந்த முறை நடப்பில் இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற வியாபாரியிடம் வண்டியை ஒப்படைத்ததைப் படிவம் 29சி மூலம் பரிவாகனில் தெரிவித்துவிட்டால், அதன் பிறகு வண்டிக்குப் பொறுப்பு அவருடையது. அங்கீகாரம் இல்லாதவர் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு வந்தால் பொறுப்பு முழுக்க உங்களுடையதே.

திருவனந்தபுரத்திலிருந்தோ இடுக்கியிலிருந்தோ ஆள் வந்தால் வேறு மாநிலத்துக்கான தடையில்லாச் சான்று வேண்டும். அது படிவம் 28. வரி பாக்கி, சலான் பாக்கி, கடன் எதுவும் இல்லாமல் இருக்க வேண்டும். விண்ணப்பித்த 30 நாளுக்குள் அதிகாரி முடிவு சொல்லாவிட்டால் சான்று வழங்கப்பட்டதாகவே கருத வேண்டும் என்று பிரிவு 48 சொல்கிறது. விண்ணப்ப ஒப்புகையைப் பத்திரமாக வைத்திருங்கள். டெல்லிப் பக்கத்து ஆள் என்றால் பழைய டீசல் வண்டிகளுக்கு அங்கே இருக்கும் தனிக் கட்டுப்பாடுகளை அவர் தெரிந்துதான் வாங்குகிறாரா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

காப்பீடு: மூன்றாம் நபர் காப்பீடு வண்டியோடு போகும், ஆனால் வாங்கியவர் 14 நாளுக்குள் நிறுவனத்துக்கு எழுதித் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். கோரிக்கை எழுப்பாமல் நீங்கள் சேர்த்த நோ-கிளெய்ம் போனஸ் உங்களுடையது, வண்டியோடு போகாது. அதற்கான கடிதம் வாங்கி வைத்தால் மூன்று வருசத்துக்குள் அடுத்த வண்டிக்குப் பயன்படுத்தலாம்.

பாஸ்டேக்கை மறந்துவிடாதீர்கள். உங்கள் வங்கிக் கணக்கோடு இணைந்த அந்த ஒட்டுத்தாளை வண்டியைக் கொடுக்கும் அன்றே கிழித்துவிட்டு, வங்கியில் சொல்லி முடக்குங்கள். இல்லாவிட்டால் நீங்கள் களக்காட்டில் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது, நாங்குநேரி சுங்கச்சாவடியைக் கடந்ததற்கு உங்கள் கணக்கில் பணம் போயிருக்கும்.

ஒரு மாதம் கழித்து அதே எண்ணைப் பரிவாகனில் மறுபடி தட்டிப் பாருங்கள். பெயர் மாறியிருந்தால் டெலிவரி கடிதத்தோடு அந்தத் திரைப் பிரதியையும் சேர்த்துக் கோப்பில் வையுங்கள். மாறவில்லையென்றால் வாங்கியவருக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டு, படிவம் 29 கொடுத்ததற்கான ஒப்புகையோடு பதிவு அலுவலகத்துக்கு நேரில் போங்கள்.